சுதந்தரம் என்று எழுதினாய்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அந்தக் குளிரில் கர்த்தர் உன்னைக் கதகதப்பாக வைத்திருக்கட்டும். கவர் மேலே ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்துப் பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை. அத்தை எப்போதும்போல் இருக்கிறார். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பொக்கை வாயோடு வீட்டையே அதட்டிக்கொண்டு திரிகிறாள். நான் வேலை பார்க்கும் சலவைப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். பதிலையும் இந்த முகவரிக்கே போடு. நீ போன் பண்ணும்போதெல்லாம் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவர் எதிரில் "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்பதற்கு மேல் நான் என்ன பேச?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் விழுந்து இறந்து, முதல் வருஷ ஜெபம் முடிந்த கையோடு சபை மூப்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேதத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு பேசினார்கள். ஆண் பிள்ளை இல்லாமல் ஒருவன் இறந்தால் அவன் மனைவி வெளியே யாரையும் கட்டக் கூடாது. அவன் தம்பியே அவளைக் கட்டி அண்ணன் பெயரை நிலைநிறுத்த வேண்டும். மற்ற சபைகளில் இதைப் பழங்காலத்துச் சட்டம் என்று படித்துவிட்டுத் தாளைப் புரட்டிவிடுவார்களாம். நம் சபையில் படித்ததைச் செய்வார்கள், உனக்கே தெரியும். அத்தை போனில் உன்னைக் கேட்டார். நீ "பாக்கலாம்மா" என்றாய்.

அந்தப் "பாக்கலாம்" என்னைக் கழுத்தில் சுருக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறது. நீ கட்டிக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ மாட்டேன் என்று சொல்கிறவரை நான் உனக்கென்று எடுத்து வைத்த பொருள். இதற்கு நடுவில் நான் வேறு யாரையும் கட்டிக்கொண்டால் குட்டியை அத்தையிடம் விட்டுவிட்டுத்தான் வாசல்படி இறங்க வேண்டும் என்று மூப்பர்கள் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். நீ மறுத்துவிட்டால் அதே சட்டப்படி என்னை விட்டுவிட வேண்டும், பிள்ளையோடு.

வேறு யாரையும் என்று எழுதிவிட்டேன். யார் என்று கேட்பாய். எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மனைவியை இழந்தவர். குட்டி கை பிசகி அழுதுகொண்டு வந்தபோது அவள் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "பாரு, உள்ளே ஒரு பாப்பா இருக்கா, அவ அழவே இல்லை" என்றார். அன்றிலிருந்து அவர் அவளுக்கு எலும்பு மாமா. என்னைக் கேட்டிருக்கிறார். மே கடைசியில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். "சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்கிறார். அவருக்குப் புரியாது. தாய் தகப்பன் இல்லாத என்னை அத்தை தன் மகளாக வைத்துக்கொண்டார். அவர் பேத்தியைத் திருடிக்கொண்டு ஓட எனக்கு வராது. வாசல் வழியாக, சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

மூப்பர்களுக்கு ஒரு வரி எழுது, தம்பி. ஒரே வரி.

உன் அண்ணி

*

மார்ச் 17

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். குளிர்கிடங்கிலிருந்து வெளியே வந்து பேனாவை அக்குளில் வைத்து வெதுவெதுப்பாக்கித்தான் எழுதுகிறேன். இங்கே மீன் பெட்டிகளோடு நானும் ஒரு பெட்டி. என் மேல் சீட்டு ஒட்டாததுதான் பாக்கி.

உங்களைக் கட்டிக்கொள்வதா? நீங்கள் கல்யாணமாகி வந்தபோது நான் ஐந்தாவது படித்தேன். எனக்குத் தலை வாரி, மூக்கைச் சிந்திவிட்டு, "பாடத்தைச் சொல்லு பார்ப்போம்" என்று காதைப் பிடித்தவர் நீங்கள். அம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, குமட்டலும் வந்தது. இரண்டும் முட்டிக்கொண்டு வெளியே வந்த சத்தம்தான் அந்தப் "பாக்கலாம்மா".

அம்மாவைக் கோபிக்காதீர்கள். உங்களுக்குப் புருஷன் தேட அவர் இதைச் செய்யவில்லை. நான் வீட்டைப் பார்த்து நாலு வருஷமாயிற்று, அண்ணன் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை. என்னைத் திரும்ப இழுக்க ஒரு கயிறு வேண்டும், உங்களையும் குட்டியையும் கட்டி வைக்க ஒரு கயிறு வேண்டும். ஒரே முடிச்சில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று பார்க்கிறார். பெரியவனைப் பறிகொடுத்தவர் வேறு எப்படி யோசிப்பார்?

ஆனால் அந்த ஒரு வரியை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. மறுத்தவனைச் சபை விலக்கிவிடும். விலக்கியவனோடு பெற்றவளும் ஒரு பந்தியில் உட்காரக் கூடாது. தையல்கார மாமாவை நினைத்துப் பாருங்கள். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவரை விலக்கிய பிறகு ஒருநாள் தெருவில் எதிரே வந்தார். அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவின் கையை நான்தான் பிடித்திருந்தேன். கை உதறியது. முகம் திரும்பவே இல்லை.

வேதத்தில் வரும் விதவை ரூத்தைக் கட்ட மறுத்த அந்த நெருங்கின உறவுக்காரனைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கதையில் எல்லாருக்கும் பேர் உண்டு, அவனுக்கு மட்டும் கிடையாது. மாட்டேன் என்றான், பேர் போச்சு. படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இப்போது அவன் இடத்தில் நான்.

கொஞ்சம் பொறுங்கள். யாருக்கும் வலிக்காத மாதிரி ஒன்று எழுதி அனுப்புகிறேன். எலும்பு மாமாவுக்கு என் வணக்கம். படம் எடுத்துப் பார்த்து உங்களைத் தேர்ந்தெடுத்தாரா, படம் எடுக்காமலா?

தம்பி

*

மார்ச் 29

தம்பிக்கு,

உன் கடைசி வரிக்கு இஸ்திரி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அப்படியே அழுதும்விட்டேன். பக்கத்தில் நின்ற இஸ்திரி அக்கா, "நீராவி கண்ணுல பட்டுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

யாருக்கும் வலிக்காமல் எழுதாதே. கெஞ்சிக் கேட்கிறேன். வலிக்காத மாதிரி எழுதினால் அது எதையும் சொல்லாது.

நேற்று அத்தை அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எலும்பு மாமா விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். பிறர் வாயால் கேட்டுவிடக் கூடாதே. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தார், ஒன்றும் மிஞ்சாமல்.

"அடக்கம் பண்ணின அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னே? ரூத் தன் மாமியார்கிட்ட சொன்னதைச் சொன்னே. உங்களை விட்டுப் போகமாட்டேன்னு சொன்னே. நானா சொல்லச் சொன்னேன்?"

"இல்லத்தை. மனசாரத்தான் சொன்னேன்."

"அப்ப அந்த மனசு எங்கே போச்சு?"

"இங்கேதான் இருக்கு. அதனாலதான் உங்ககிட்ட வந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். ரூத்தோட ஓரகத்தி ஓர்பாளும் அழுதா, முத்தம் கொடுத்தா, அப்புறம்தான் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போனா. அவளை வேதம் ஒரு வார்த்தை திட்டலையே அத்தை?"

"திட்டல. ஆனா அதுக்கப்புறம் அவளைப் பத்தி யாராவது பேசினாங்களா?"

அவர் எழுந்து போய்க் குட்டிக்குத் தலை பின்னிவிட்டார், அவள் "பாட்டி வலிக்குது" என்று கத்தும்வரை இறுக்கி.

எனக்கு ரூத்தைவிடத் தாமார்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறாள். இரண்டு புருஷனும் இறந்த பிறகு, சின்னவன் வளரட்டும், நீ காத்திரு என்று மாமனார் அவளைத் தகப்பன் வீட்டில் உட்கார வைத்தார். சின்னவன் வளர்ந்தான். அவளை யாரும் கூப்பிடவில்லை. முகத்தை மூடிக்கொண்டு பாதையோரம் போய் உட்கார்ந்து தனக்கு வேண்டிய வாரிசை அந்த மாமனாரிடமிருந்தே வாங்கிக்கொண்டாள் அவள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு தபால் தலையும் நீயும்தான்.

மாட்டேன் என்று எழுது. அந்தச் சொல்லையே எழுது.

அண்ணி

*

ஏப்ரல் 8

அண்ணிக்கு,

அனுப்பிவிட்டேன்! கிடங்கு மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதி, கிழித்து, எழுதி, ஒருவழியாகப் பெரிய மூப்பருக்குத் தபாலில் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன சொல்லைப் போடவில்லை, போட முடியவில்லை. ஆனால் அதைவிட நல்ல சொல் ஒன்று கிடைத்தது. எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்:

"அண்ணியின் காரியத்தில் நான் முழுமனதோடு சுதந்தரம் தருகிறேன். இதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு தடையும் இல்லை. அம்மாவின் மனம் ஆறுதலடையட்டும்."

எப்படி? மறுத்த மாதிரியும் ஆயிற்று, மறுக்காத மாதிரியும் ஆயிற்று. நீங்கள் சுதந்தரமாகப் போகலாம். என்னையும் விலக்கமாட்டார்கள். அன்றிரவே வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

குட்டிக்கு ஒரு முத்தம். பல் முளைத்ததா?

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பி,

என்ன காரியம் செய்துவிட்டாய்!

உன் கடிதம் இங்கே வரும்முன் நீ மூப்பருக்கு எழுதியது சபைக்கு வந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரிய மூப்பர் அதை எழுந்து நின்று வாசித்தார். எனக்கு உள்ளே ஏதோ அவிழ்கிற மாதிரி இருந்தது. முடிந்தது, மீண்டேன் என்று நினைத்தேன். மறு நிமிஷம் ஆமென் மாமா (மற்றவர்கள் ஜெபத்தை முடிப்பதற்குள் ஆமென் சொல்லிவிடுவாரே, அவர்தான்) ஓங்கி ஓர் ஆமென் போட்டார். பெண்கள் பக்கத்தில் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிக்கிறார்கள். அத்தை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். சந்தோஷத்தில்.

உனக்குப் புரிகிறதா? தெருவில் கொடியேற்றும் நாளில் சொல்கிற சுதந்திரம் வேறு. நம் வேதத்தில் சுதந்தரம் என்றால் வாரிசுக்குச் சேரும் உரிமை. இறந்தவனுடைய நிலத்தையும் அவன் மனைவியையும் ஏற்றுக்கொள்கிற உறவுக்காரனுக்குத்தான் சுதந்தரவாளி என்று பேர். ரூத் தன்னைக் கட்டப்போகும் போவாஸைப் பார்த்து நீர் சுதந்தரவாளி என்றது, நீர் விடுதலையான ஆள் என்றா? நீ "தி" என்று எழுத வேண்டிய இடத்தில் "த" என்று எழுதினாய், சின்ன வயதிலிருந்து வேதத்தில் பார்த்த எழுத்து அது. அவர்களும் வேதத்தில் பார்த்தபடியே வாசித்தார்கள். முழுமனதோடு அண்ணன் பெயருக்குச் சுதந்தரம் தருகிறான், சுதந்தரவாளியாக நிற்கிறான், தடையில்லை என்கிறான், அம்மா மனம் ஆறட்டும் என்கிறான். ஒரு வரிகூட அவர்களுக்கு இடிக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். "அப்படி இல்லீங்க ஐயா. அவன் விடுதலையைச் சொல்றான்."

பெரிய மூப்பர் கோபப்படவில்லை, சிரித்தார். "விடுதலைன்னா விடுதலைன்னே எழுதியிருப்பானேம்மா. வேதத்துல வளர்ந்த பையன். சொல்லு தெரியாதா அவனுக்கு?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? விடுதலை என்று ஒரு சொல் இருக்கிறதே, தம்பி. மாட்டேன் என்று ஒரு சொல் இருக்கிறதே. இரண்டையும் தாண்டிப் போய் யாருக்கும் வலிக்காத சொல்லைத் தேடினாயே, அது என் தலையில் விழுந்திருக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போனால் இஸ்திரி அக்கா, "என்னடி, கொழுந்தனையே முடிச்சுட்டியாமே!" என்று எல்லார் எதிரிலும் கூவினாள். ஆபரேஷன் தியேட்டர் துணிகளைக் கொடுக்க வந்தவர்களோடு எலும்பு மாமாவும் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார். பிறகு தனியாக என்னிடம், "உங்க விருப்பம் அதுன்னா நான் குறுக்கே வரமாட்டேங்க" என்றார். நீயும் குறுக்கே வரவில்லை, அவரும் குறுக்கே வரவில்லை. ஆண்பிள்ளைகள் எல்லாரும் குறுக்கே வராமல் இருந்தே என்னைக் கொன்றுவிடுவீர்கள்.

அவரிடம் நடந்ததைச் சொல்லிப் புரியவைத்துவிட்டேன். காத்திருக்கிறேன் என்றார், மாற்றல் காத்திருக்காது என்றும் சொன்னார். வீட்டில் அத்தை உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறார். குட்டியிடம், "சித்தப்பாதான் இனிமே உனக்கு அப்பா" என்று சொல்லிக் கொடுக்கிறார். அவள் என்னிடம் வந்து, "அப்ப சித்தப்பா எங்கே போவாரு?" என்று கேட்கிறாள்.

பதில் போடாதே. மூப்பருக்குப் போடு. அம்மாவிடம் சொல்.

*

மே 1

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு கிடங்குக்குள் போய் மேலங்கி இல்லாமல் நின்றேன். மேஸ்திரி பிடித்து வெளியே தள்ளினார். என்னை மன்னிக்கச் சொல்லக்கூட வாய் இல்லை.

எழுதும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை என்றால் நம்புவீர்களா? பள்ளிக்கூடத்தில் இதே சொல்லுக்கு வாத்தியார் என் விரல் முட்டியில் அடித்திருக்கிறார். "தி போடுடா, தி!" அப்போதும் வீட்டில் இருக்கும் வேதத்தில் இப்படித்தான் இருக்கிறது சார் என்று வாதாடினேன். அப்படியும் அந்தச் சொல்லின் மேல் இருந்த ஆசை, அது பார்க்க மறுப்பு மாதிரியே இல்லையே என்பதுதான். நீங்கள் சொன்னது சரி. கோழைக்கு ஏற்ற சொல்.

போன வாரமே அம்மா போன் செய்தார். வெள்ளையடித்தாயிற்று, கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போடட்டுமா, சுவர் ஓரமாகப் போடட்டுமா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை, அண்ணி. சின்னப் பெண் மாதிரி இருந்தது. ஜன்னல் ஓரம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு என் வாயை நானே அடித்துக்கொண்டேன்.

நேற்று நானே கூப்பிட்டேன். ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னேன். "அம்மா, நான் கட்டிக்கமாட்டேன். அண்ணியைக் கட்டிக்கமாட்டேன்மா." அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "என்னமோ லைன் சரியில்ல, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பெரிய மூப்பருக்கு மாட்டேன் என்றே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. நேரில் வரத்தான் முடியாது. சீசன் முடியும்வரை யாரையும் விடமாட்டார்கள். மீறிப் போனால் திரும்ப இங்கே காலெடுத்து வைக்க முடியாது.

அண்ணனாக இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான்.

தம்பி

*

மே 19

தம்பிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

உன் பதிவுத் தபால் வந்தும் பெரிய மூப்பர் வாசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் நகலை எடுத்துக்கொண்டு நானே எழுந்தேன். இதற்கு முன் வேதத்தை நன்றாகப் படித்துக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சட்டத்தில் மூப்பரிடம் போய்ப் பேசுகிறவள் அந்தப் பெண்தான். புருஷனின் தம்பி மாட்டேன் என்கிறான் என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவன் செருப்பைக் கழற்றுவதும் அவள்தான். இத்தனை நாள் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேனே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

சொன்னேன். உன் வரியை வாசித்தேன்.

பெரிய மூப்பர், "சரிம்மா. அவன் வரட்டும். வந்து நம்ம முன்னால காலை நீட்டட்டும். செருப்பைக் கழட்டாம விடுதலை இல்லை. அதுவரைக்கும் காத்திரு" என்றார்.

"தாமாரையும் காத்திருன்னுதான் ஐயா சொன்னாங்க."

ஆமென் மாமாகூட வாயைத் திறக்கவில்லை. மூப்பரின் முகம் சிவந்தது. உட்காரு என்று கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பிறகு எழவே மாட்டேன் என்று தெரிந்தது. எலும்பு மாமா சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டார். குட்டி இல்லாமல் நான் போவதில்லை. நீ வரும்வரை காத்திருந்தால் எனக்கு எதுவுமே இல்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

அப்போது முன்வரிசையில் அத்தை எழுந்தார். நாற்காலியைப் பிடித்து, மெதுவாக. சர்க்கரைப் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்பு காலில். அது இல்லாமல் வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது.

"அவன் வரமாட்டான்யா" என்றார். "அவன் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. போன்ல நல்லாவே கேட்டுச்சு. லைன்ல ஒரு கோளாறும் இல்ல."

"நீங்க உட்காருங்கம்மா."

"அவன் கால் என் வயித்துல உண்டான கால். கழட்டித்தான் ஆகணும்னா என் கால்ல இருக்கறதைக் கழட்டட்டும்."

"அப்படி எழுதியிருக்கலையேம்மா."

"எழுதியிருக்கறதுல பாதிக்கு நீங்க அர்த்தம் சொன்னீங்க. மீதிக்கு நான் சொல்லிக்கறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "வாம்மா. சீக்கிரம், என்னால நிக்க முடியல."

தம்பி, நான் குனிந்தேன். பட்டையை அவிழ்க்க விரல் வழுக்கியது. வேதத்தில் முகத்தில் துப்பவும் சொல்லியிருக்கிறது. என் வாயில் எச்சில் இல்லை, இருந்திருந்தாலும் விழுங்கியிருப்பேன். செருப்பு கையோடு வந்தது. பெரிய மூப்பர் வேறு வழியில்லாமல் எழுந்து, செருப்பு கழற்றப்பட்டவன் வீடு என்று நம் வீட்டுக்குப் பெயர் சொன்னார். இனி நீயும் அந்த வீடும் சபைக்குப் புறம்பு. அத்தையும்தான். அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

வெளியே வந்து செருப்பை மாட்டிவிடக் குனிந்தேன். "தொடாதே. கழட்டினதைத் திரும்ப மாட்டினா கழட்டலைன்னு சொல்லுவாங்க" என்று ஒரு காலில் செருப்போடு, மறு காலை வெறுமையாகத் தார் ரோட்டில் வைத்து வீடுவரை நடந்தார். குட்டி நடுவில், இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்குள் வந்ததும் குட்டியின் துணிகளை அவரே மடித்துப் பையில் வைத்தார். நான் அழுதேன். "அழாதே. என்கூட இருப்பேன்னு சொன்னவ நீ பொய் சொன்னவளா ஆகவேணாம். நான்தான் உன்னை விடறேன். நீ போகல, நான் அனுப்பறேன். புரிஞ்சுதா?" குட்டியைத் தூக்கக் கேட்கவில்லை, முத்தம் கொடுக்கவில்லை. "கூட்டிட்டுப் போ, எனக்குத் தலை வலிக்குது" என்று உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் புதுச் சுண்ணாம்பு வாசனைக்குள்.

நான் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் போயிருக்க மாட்டேன்.

அண்ணி

*

ஜூன் 2

அண்ணி,

வேலையை விட்டுவிட்டேன். மேஸ்திரி கெட்ட வார்த்தையில் திட்டி வழியனுப்பினார். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து உங்கள் புது ஊர் முகவரிக்கு எழுதுகிறேன். இன்னும் இரண்டு பஸ் மாற வேண்டும். இதற்குப் பதிலை இஸ்திரி அக்காவின் பேருக்குப் போடுங்கள். அது வரும்வரை பக்கத்து ஊரில் தங்கிக்கொள்கிறேன், அவர்களிடம் போய் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். வெறுங்கையோடு போக பயமாக இருக்கிறது.

அம்மா போன் எடுப்பதில்லை. சபையார் யாரும் அந்த வாசலில் கால் வைக்கமாட்டார்கள். தனியாக என்ன செய்கிறாரோ. மறுத்தவன் நான், செருப்பு கழன்றது அவருக்கு. நான் காப்பாற்றிக்கொள்ள நினைத்த அம்மாவை நானே கொண்டுபோய் ஒரு பாழும் வீட்டில் வைத்துவிட்டேன்.

என்னைப் பார்த்தும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டால்? வாசலில் நின்று நான் என்ன சொல்லட்டும்? ஒரு வார்த்தை சொல்லித் தாருங்கள். இந்தத் தடவை நீங்கள் சொல்கிற வார்த்தையையே சொல்கிறேன்.

தம்பி

*

ஜூன் 7

தம்பிக்கு,

நேற்றுதான் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். இந்த ஊரில் எங்களுக்கு யாரையும் தெரியாது, கூட்டிப் பெருக்க வந்த அம்மாதான் சாட்சி. எலும்பு மாமா நல்லவர். குட்டியைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, பாட்டி எப்போது வருவார் என்று என்னைக் கேட்பதை விட்டுவிட்டு அவரைக் கேட்கிறாள். நான் அத்தைக்கு எழுதியது பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது.

உனக்குச் சொல்லித் தர என்னிடம் வார்த்தை இல்லை. ஒன்றும் சொல்லாதே. அத்தையும் பேசமாட்டார், பேசாவிட்டால் பரவாயில்லை. முன்கதவு திறக்காது. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக் கதவில் தாழ்ப்பாள் தேய்ந்து போயிருக்கிறது, தோளால் கொஞ்சம் அழுத்தினால் விலகிவிடும். உள்ளே போனதும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கு. கையை விட்டுப் பார்க்காதே, குளிர்கிடங்கில் உன் விரல் மரத்துப் போயிருக்கும். முழங்கையை நனைத்துப் பார். துணி பழையதாக, மெல்லியதாக இருக்கட்டும். கால்விரல் இடுக்குகளில் ஈரம் நிற்கக் கூடாது, ஒற்றி எடு, தேய்க்காதே.

முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும். காலை மட்டும் விடாதே. தார் ரோட்டில் அவ்வளவு தூரம் நடந்தார். அன்றைக்கு நான் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அந்தப் பாதத்தில் அவருக்கு வலி தெரியாது, தம்பி. காயம் இருந்தாலும் அவரால் சொல்ல முடியாது. யாராவது குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

அண்ணி